கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்

திருமுக்கூடல் என்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூரை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேருமிடத்தில் உள்ள சிற்றூர். மூன்று ஆறுகள் கூடுகின்றன என்று பெயர்தான் பெரிது. ஆண்டில் பெரும்பகுதி அங்கே மணலே கூடிக் கிடக்கும். அக்கரையில் பழையசீவரத்துக் குன்று; இக்கரையில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில்; இடையிலே வெண்மணல். பாலாறு எங்கள் ஊரைக் கடந்து வாயலூர் அருகே கடலைச் சேர்கிறது என்பது உண்மையே. ஆனால் ஊரார் பலர் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை.

இத்தகைய ஊரில் பிறந்து, பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன், கப்பலேறித் துறைமுகப் பட்டினங்களுக்குச் சென்று மெய்யான சீன உணவுக் கடையைத் தேடுவது பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் சற்று வியப்புத்தான். என்னை அத்தேடலில் இறக்கியவர் என் தகப்பனார்.

அதைச் சொல்லுமுன் எங்கள் கோயிற் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அங்கே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1068-ஆம் ஆண்டினது. கோயிலைச் சார்ந்து நடந்த கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டு வருவோர், பணிசெய்யும் பெண்டிர் என்று ஒவ்வொருவருக்கும் இன்னது கொடுக்க வேண்டும் என்று கணக்கு. நோயாளிகளுக்கு அரிசிக் கணக்கு. அந்த அரிசி சோறாக அல்ல, கஞ்சியாகவே அவர்கள் வாயில் சென்றிருக்கும் என்பது என் ஊகம். அதே வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன் காலடியில் வந்து உதவி கேட்ட அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. அந்தக் கெடாவின் கரைக்கு எதிரே கிடக்கும் தீவுதான் பினாங்கு. எங்கள் ஊர்க் கல்வெட்டு வெட்டப்பட்டுப் பத்தாண்டு ஆவதற்குள், 1077-இல், 72 பேர் கொண்ட சோழர் தூதுக் குழு ஒன்று சீன அரசவையை அடைந்தது என்று சீனரின் வரலாற்றுக் குறிப்பு கூறும். அந்த 72 பேரும் அங்கே மூன்று வேளையும் என்ன உண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

என் தகப்பனார் 1951-ஆம் ஆண்டில், தம்முடைய பதினாறாம் வயதில், சென்னைத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறினார். 1926 முதல் 1973 வரை நம்மவர்களை மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சுமந்து சென்ற கப்பல் அது. தட்டுப் பயணிகள் ஆயிரக்கணக்கில் ஏறுவார்கள். பாயும் தகரப் பெட்டியுமாக மேல்தட்டிலே படுத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்து, பினாங்கில் இறங்கினார். துறைமுகத்திலே சரக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணும் வேலை. சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, குளிர்காய்ச்சல் கண்டது. ஒரே அறையில் பதின்மர் உறங்கிய கொட்டகை. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை.

கொட்டகைக்கு எதிரில் ஒரு சீனருடைய கஞ்சிக் கடை. விடியற்காலையில் படகுக்காரர்களுக்குக் கஞ்சி விற்பவர். இந்தப் பையனை இரண்டு நாளாகக் காணவில்லையே என்று பார்க்க வந்தவர், நிலைமையைக் கண்டு, பதினொரு நாள் காலையும் மாலையும் கோப்பையில் கஞ்சி கொண்டுவந்து வைத்துப் போனாராம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு தகப்பனார் காசு கொடுக்கப் போனார். அவர் வாங்கவில்லை. மாதச் சம்பளம் வந்ததும் மறுபடி போனார். கையை விரித்துச் சிரித்து அனுப்பிவிட்டார். “வாங்கிக்கொள்ளும் காலம் வரும், அப்போது கொடுப்போம்” என்று இவரும் விட்டுவிட்டார். பிறகு வேலை வேறிடத்துக்கு மாறியது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற கட்டுப்பாட்டினால் இந்தியர் பல்லாயிரவர் திரும்ப நேர்ந்தபோது அவரும் திரும்பினார். புறப்படும் நாளில் அந்தக் கடைக்குச் சென்று பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஐம்பது ஆண்டுக் காலம் இதைக் கேட்டிருக்கிறோம். அது அவருக்குக் கதையாக இல்லை, கடனாக இருந்தது என்பதை நான் அறிந்துகொண்டது 2023-ஆம் ஆண்டிலேதான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகள், எனக்கும் என் மனைவிக்கும் உல்லாசக் கப்பல் ஒன்றில் இடம் பதிவு செய்திருந்தாள். சிங்கப்பூரில் புறப்பட்டுப் பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் கப்பல். செய்தி கேட்ட தகப்பனார், அப்போது அவருக்கு வயது 88, மறுநாள் காலையில் என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் பத்து. “அந்தத் தவுக்கே இருக்கமாட்டார். பிள்ளையோ பேரனோ இருப்பார்கள். கஞ்சி வாங்கிக் குடி. அதுதானா என்று பார். அதுவானால் இதைக் கொடுத்துவிட்டு வா” என்றார். தவுக்கே என்பது மலேயாத் தமிழர் சீனக் கடை முதலாளியைக் குறிக்கும் சொல். பெயர் தெரியாது. கரைச் சாலையில், சீனர் படகுத்துறைகளுக்கு எதிரில் ஒரு சந்தின் முனை, அடையாளம் இவ்வளவே.

கப்பல் பினாங்கில் நிற்பது காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, எட்டு மணி நேரம்.

நேயர்களே, உல்லாசக் கப்பலில் செல்வோருக்கு ஒன்று சொல்வேன். கப்பலிலேயே சீன உணவுச் சாலை இருக்கும். பளபளப்பான மேசை, மடித்த துணி, பணிவான பணியாளர் எல்லாம் உண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. நினைவில் நிற்கவும் எதுவுமில்லை. ஆகவே கரையில் இறங்கித்தான் தேட வேண்டும். இறங்கினால் முதலில் எதிர்ப்படுவது துறைமுக வாயிலை ஒட்டிய கடைகள். அங்கே ஆங்கிலப் பலகை இருக்கும். பலகையில் உணவின் வண்ணப் படங்கள் இருக்கும். ‘மெய்யான சீன உணவு’ என்று எழுதியும் இருக்கும். எங்கள் ஊரில் நல்ல பால் விற்பவர் எவரும் ‘இது தண்ணீர் கலக்காத பால்’ என்று கூவி நான் கேட்டதில்லை. சிங்கப்பூரில் சீனர் பேட்டைக்குச் சென்ற முதல் நாளே, படம் போட்ட பலகையை நம்பி உட்கார்ந்து, விலையும் கொடுத்து, வெந்த மாவை விழுங்கிவிட்டு வந்தேன். மகள் சிரித்தாள்.

அந்தப் பேட்டையில் ஒரு புதுமை உண்டு. நட்டநடுவே சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்பது நம்முடைய மாரியம்மன் கோயில், 1827-இல் தோன்றியது. பக்கத்துத் தெருக்களின் பெயர்கள் கோயில் தெரு, பகோடாத் தெரு. பகோடா என்றவுடன் சீனக் கோபுரம் என்றே வெளியூரார் எண்ணிக்கொள்கின்றனர். அது அம்மன் கோபுரத்தைக் கண்டு வைத்த பெயர். சீனத்தைத் தேடிப் போகிறவன் தமிழில் தடுக்கி விழுவது அந்த நாடுகளில் வாடிக்கை என்று அங்கேதான் முதலில் பட்டது.

மறுநாள் மகள் என்னை ஒரு சந்தைக் கட்டிடத்தின் மாடிக்கு அழைத்துச் சென்றாள். முற்காலத்தில் தெருவோரம் வண்டியில் வைத்து விற்றவர்களை அரசாங்கம் இத்தகைய கட்டிடங்களில் குடியேற்றிக் குழாய்நீரும் வடிகாலும் அமைத்துக் கொடுத்தது. 2020-இல் சிங்கப்பூரின் இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே கற்ற பாடம் பெரிது. ஒவ்வொரு கடையும் ஒரே ஒரு பண்டம், மிஞ்சினால் இரண்டு. கோழிச்சோறு விற்பவர் கோழிச்சோறு மட்டுமே விற்கிறார். காலை ஆறு மணிக்குத் திறக்கும் கடை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுகிறது. நூறு பண்டம் எழுதிய அட்டையைக் கையில் கொடுக்கும் கடையைவிட, அட்டையே இல்லாத கடையை நம்பலாம்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். “அப்பா, சீனச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. இந்தியச் சாப்பாடு எது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா?” உண்மைதான். தென்கடல் நாடுகளுக்குக் குடியேறிய சீனர் பெரும்பாலும் தென்சீனக் கரையினர். ஹொக்கியர், தியோச்சியூ, கந்தோனியர், ஹக்கா, ஹைனானியர் என்று பிரிவுகள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது; அடுப்பும் வேறு. ஹைனானியர் காப்பிக் கடையும் கோழிச்சோறும், கந்தோனியர் ஆவியில் வேகவைத்த சிற்றுண்டியும் வாட்டிய இறைச்சியும், ஹொக்கியர் பெருநூடுல்ஸ், தியோச்சியூ மக்கள் மீனும் கஞ்சியும். ஆகவே ‘நல்ல சீனக் கடை எது?’ என்று கேட்டால் விடை வராது. ‘இந்தப் பண்டத்துக்கு நல்ல கடை எது?’ என்று கேட்டால், கேட்ட இடத்திலேயே இரண்டு பேர் சண்டையிடத் தொடங்குவார்கள். அந்தச் சண்டையே நம்பத் தகுந்த வழிகாட்டி.

இங்கே சற்று நம் நாட்டுக்குத் திரும்புவோம். வாலாஜாபாத் கடைத்தெருவில் மாலை வேளையில் தள்ளுவண்டிக்காரர் காலிபிளவரைச் சிவக்கப் பொரித்து மஞ்சூரியன் என்று கொடுக்கிறார். பினாங்குச் சீனர் எவரும் அதைத் தம் உணவென்று ஒப்பமாட்டார். ஆனால் நான் அதை ஏளனம் செய்யமாட்டேன். கொல்கத்தாவில் பிறந்து பம்பாய்க்குச் சென்ற சீன வம்சத்துச் சமையற்காரரான நெல்சன் வாங் என்பவர், 1975-இல் அங்குள்ள கிரிக்கெட் கிளப்பில், இஞ்சி பூண்டு பச்சைமிளகாயோடு சோயாச் சாற்றைச் சேர்த்துக் கோழியில் செய்தது முதல் மஞ்சூரியன் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. அது நம் மண்ணில் பிறந்த பிள்ளை. சாயப்பொடிதான் கேடு, 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறம் சேர்ப்பதற்குத் தடை விதித்தது நல்ல காரியம்.

பழைய சீன அடுப்பைக் காண வேண்டுமானால் கப்பல்கூட வேண்டாம். கொல்கத்தாத் துறைமுகம் போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், அச்சியூ என்ற சீனர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர். தொடர்ந்து வந்த சீனர்கள் நகரத்துத் திரெட்டா பஜாரில் குடியேறினர். அங்கே விடியற்காலையில் தெருவோரம் ஆவி பறக்கும் கொழுக்கட்டைகளை விற்பது இன்றும் உண்டு. வெயில் ஏறினால் ஒன்றும் மிஞ்சாது. தாங்ராவில் ஹக்கா மக்கள் தோல் பதனிட்ட இடங்களே பின்னாளில் உணவுச் சாலைகள் ஆயின. 1962-ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது இம்மக்களில் பலரைக் குடும்பத்தோடு பிடித்து, ராஜஸ்தானத்தில் தேவ்லி என்ற ஊரில் முகாமில் அடைத்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பிறந்த மண் இதுவே என்று சொன்னவர்களும் அதில் அடக்கம். விடுதலையானபின் பலர் கனடாவுக்கும் வேறு நாடுகளுக்கும் சென்றனர். இன்று கொல்கத்தாவில் நல்ல சீனக் கடையைத் தேடுபவர், கடைகள் ஏன் இத்தனை குறைந்தன என்பதையும் தெரிந்துகொண்டு தேடுவது நல்லது.

இனிப் பினாங்கு. கப்பல் நிற்பது சுவெட்டன்ஹாம் துறையில். இறங்கியவுடன் விக்டோரியா அரசியின் மணிக்கூண்டு. ஆட்சியின் ஆண்டொன்றுக்கு ஓரடியாக அறுபது அடி உயரம் என்பார்கள். அதைக் கடந்து தெற்கே கடலோரமாக நடந்தால் கரைச் சாலை வரும். அதையொட்டிக் கடலுக்குள் மரக்கால்களின் மேல் நீண்டு கிடக்கின்றன சீனர் படகுத்துறைகள். சியூ, லிம், தான், லீ, இயோ என்று குலத்துக்கு ஒரு துறை. பலகைப் பாதையின் இருபுறமும் வீடுகள். வீட்டுக்கு அடியில் கடல். இந்த நகரத்தை 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நாங்கள் அங்கு சேர்ந்தபோது மணி ஒன்பது. நானும் என் மனைவியும் சந்து சந்தாகப் பார்த்தோம். ஒரு முனையில் பயணிகள் தங்கும் விடுதி. மறு முனையில் கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடை. உள்ளே வெளிநாட்டு இளைஞர்கள் மடிக்கணினியோடு இருந்தார்கள். மற்றொன்றில் பூட்டு. கஞ்சி விற்கும் கடை ஒன்றும் இல்லை. படகுத்துறை வாசலில் கைவிசிறி விற்ற மூதாட்டியிடம் கஞ்சி குடிப்பதுபோல் கையால் காட்டினேன். அவர் எனக்கு ஒரு குளிர்பானத்தை எடுத்து நீட்டினார்.

பதினொரு மணி ஆகிவிட்டது. வெயில் சுட்டது. பக்கத்தில் நாசி கண்டார் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சாப்பாடு அது. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் அத்தண்டு. கடைக்காரரின் முன்னோர் கடையநல்லூர். தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, அந்தக் கஞ்சியிலே அரிசி எப்படி இருக்கும் என்று உங்க அத்தா சொன்னாரா? கரைஞ்சு கூழா இருக்குமா, முழுசா நிற்குமா?”

தகப்பனார் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். நம் வீட்டுக் கஞ்சி போலவே பருக்கை பருக்கையாக, தெளிந்த நீரில் நிற்கும். தொட்டுக்கொள்ள உப்பிட்ட முட்டை, உப்பில் ஊறிய முள்ளங்கி, வறுத்த வேர்க்கடலை.

“அப்படியானால் அது தியோச்சியூக் கஞ்சி. கந்தோனியர் என்றால் குழையக் காய்ச்சிவிடுவார்கள். நீங்கள் துறைப்பக்கம் தேடிப் பயனில்லை. அவர்கள் கோயில் சூலியாத் தெருவிலே இருக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டும்” என்றார் அவர். பையனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு உடன் புறப்பட்டும் வந்துவிட்டார். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர். ஹொக்கியம் சரளமாகப் பேசினார்.

சூலியாத் தெரு என்பதைக் கவனியுங்கள். சூலியர் என்பது சோழ மண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் வணிகர்களுக்கு அந்நாட்டில் வழங்கிய பெயர். சோழர் என்ற சொல்லின் திரிபே அது என்பர். அந்தத் தெருவில் தியோச்சியூ மக்களின் ஹான்ஜியாங் மூதாதையர் கோயில் நிற்கிறது. எங்கள் ஊர்க் கோயிற் சுவரில் பெயர் வெட்டியிருக்கும் அரசனுடைய குலப்பெயரைத் தாங்கிய தெருவில், நான் சீனருடைய கஞ்சியைத் தேடி நடந்துகொண்டிருந்தேன்.

வழியிலே ஒரு கடை. சோறும் கஞ்சியும் விற்பது. முன்புறத்தில் ஆங்கிலப் பலகை தொங்கியது. அதில் எழுதியிருந்த சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ‘கான்ஜி’. இச்சொல்லுக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று, சீனமும் அன்று. கந்தோனியர் கஞ்சியை ஜுக் என்பர். தியோச்சியூ மக்கள் மோய் என்பர். கான்ஜி என்பது நம் கஞ்சியே. போர்த்துகீசியர் நம் கரையோரங்களில் கேட்டுக் கொண்டுபோன சொல். 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஓர்த்தா என்ற மருத்துவரின் நூலிலேயே, நோயாளிக்கு மிளகும் சீரகமும் சேர்த்துக் கொடுக்கும் அரிசி நீர் என்று அது வருகிறது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, ஆங்கிலேயர் கப்பலோடு ஹாங்காங் வரை போய், இன்று சீனருடைய கடைப் பலகையிலே குந்தியிருக்கிறது. அவர்களும் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேயிலையில் உள்ள ‘தே’ ஹொக்கியர் சொல். தென்பாண்டியார் குடிக்கும் சாயாவில் உள்ள ‘சா’ கந்தோனியர் சொல். நெல்லைச் சீமையில் சர்க்கரையைச் சீனி என்பதும், வாணலியைச் சீனச்சட்டி என்பதும் நேயர்கள் அறிந்ததே.

அந்தச் சட்டியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. சூலியாத் தெருவில் ஒருவர் கரியடுப்பில் சார் கோய்த்தியாவ் வறுத்துக்கொண்டிருந்தார். தட்டையான அரிசி நூடுல்ஸ். ஒரு முறைக்கு ஒரே தட்டு. வரிசையில் இருபது பேர் நின்றாலும் இரண்டு தட்டைச் சேர்த்து வறுக்கமாட்டார். ஏனென்று கடையநல்லூர்க்காரர் விளக்கினார். சட்டி புகையும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். அதிகமாகப் போட்டால் சட்டி சூடு இழந்து, பண்டம் வறுபடாமல் தன் நீரிலேயே வெந்துவிடும். சூடு குன்றாமல் வறுத்தால் ஏறும் அந்தப் புகைமணத்தைக் கந்தோனியர் ‘வொக் ஹேய்’ என்பர், சட்டியின் மூச்சு. மெய்யான கடைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. ஆனால் நான் அதை உண்ணவில்லை. பன்றிக் கொழுப்பில் வறுப்பது வழக்கம். நான் மீன் உண்பவன், பன்றி உண்பதில்லை. நம்மவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மரக்கறி உண்போர் அஞ்ச வேண்டியதில்லை. பௌத்த நெறியினர் நடத்தும் மரக்கறிக் கடைகள் எல்லாச் சீனப் பேட்டையிலும் உண்டு. பல கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சீனருடைய ஒன்பதாம் மாதத்தில், ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழா நாட்களில் சென்றால், பினாங்கிலும் புக்கெட்டிலும் மஞ்சள் கொடி கட்டிய கடைகள் தெருவெங்கும் தோன்றும். கொடி கண்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம்.

கஞ்சிக் கடை ஒரு குறுக்குச் சந்தில் இருந்தது. பலகை இல்லை. நான்கு மேசை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மையார், இரண்டு பெரிய அண்டா. மணி பன்னிரண்டே கால். ஒரு அண்டா கவிழ்த்தாயிற்று. மூன்று கோப்பை கேட்டோம். அரிசி முழுதாக நின்றது. உப்பிட்ட முட்டை, முள்ளங்கி, கடலை மூன்றும் வந்தன. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, “நம் வீட்டுக் கஞ்சியேதான், உப்புத்தான் போடவில்லை” என்றாள். நான் உண்மையைச் சொல்ல வேண்டும். கஞ்சியில் சுவை என்று விரித்துச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் என் கை நடுங்கியது.

கடையநல்லூர்க்காரர் அம்மையாரிடம் கதையைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே கோப்பைகளைத் துடைத்தார். கரைச் சாலைக் கடை அவருக்குத் தெரியாது. தம் மாமனார் காலத்தில் அப்பகுதியில் கஞ்சி விற்றவர் பலர்; யாரென்று எப்படிச் சொல்வது என்றார். பிள்ளைகள் இத்தொழிலுக்கு வரவில்லையா என்று நான் கேட்டேன். மகன் கோலாலம்பூரில் கணக்கர், மகள் ஆஸ்திரேலியாவில். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவதற்கு யார் வருவார்கள் என்று சிரித்தார்.

நான் உறையை எடுத்தேன். சிங்கப்பூரிலேயே வெள்ளியாக மாற்றி வைத்திருந்தேன். அந்தத் தவுக்கே இல்லாவிட்டாலும் அவர் மொழியினர், அதே தொழிலினர். இவரிடம் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. மனத்திலே ஒரு கணக்கும் ஓடியது என்பதை மறைப்பானேன்? கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மாலைக்குள் கப்பல் ஏறலாம். தகப்பனாரிடம் ‘கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லலாம்.

அம்மையார் உறையைத் திறந்து பார்த்தார். மூன்று கோப்பைக்கும் பக்கப் பண்டங்களுக்கும் உரியதை மட்டும் எடுத்துக்கொண்டார். சில்லறையை எண்ணி உறைக்குள்ளேயே போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். ஏதோ சொன்னார். கடையநல்லூர்க்காரர் மொழிபெயர்த்தார்: “அது அந்த மனிதருக்கு உரியது. நான் வாங்கினால் உங்கள் அத்தாவுக்கு நான் பொய் சொன்னதாகும் என்கிறார்கள்.”

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. கடையநல்லூர்க்காரர் எங்களைத் துறைமுக வாயில் வரை கொண்டுவந்து விட்டார். தம் கடைச் சோற்றுக்கும் காசு வாங்க மறுத்தார். இது ஒரு புதுக்கடன். மணி மூன்றரைக்கு ஏறிவிட்டோம்.

ஊர் திரும்பியதும் தகப்பனார் முன் உறையை வைத்து, நடந்தவற்றை ஒன்று விடாமல் சொன்னேன். கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்ற எண்ணம் விமானத்தில்கூட வந்தது. சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடை இல்லாதது குறித்து ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்துக் கேட்டார்.

“அரிசி முழுதாக நின்றதா?”

“நின்றது, அப்பா.”

“முள்ளங்கி?”

“இருந்தது.”

“கோப்பை ஒன்று என்ன விலை?”

சொன்னேன். தாம் இருந்தபோது முப்பது காசு என்றார். பிறகு உறையிலிருந்த வெள்ளித் தாள்களை எண்ணி, என் கணக்கைச் சரிபார்த்து, உறையை மடித்துத் தம் தகரப் பெட்டியில் வைத்தார்; ரஜூலாவில் கொண்டுபோன பெட்டிதான் அது. “அடுத்த முறை போகும்போது எடுத்துக்கொண்டு போ. விடியற்காலையிலேயே இறங்கு. ஒன்பது மணிக்குப் போனால் எவன் கஞ்சி வைத்திருப்பான்?” என்றார்.